அறுபது வயதில் லயத்து வீட்டைக் காலி செய்கிறேன்: சாமிக் கல்லை என்ன செய்வது?

ஆயாக்கொட்டகை எழுதியது:

வணக்கம். ஞாயிறு பதிப்புகளுக்கு வாசகர் கடிதம் எழுதிப் பழகிய கை இது, கொஞ்சம் நீளமாகத்தான் எழுதும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் போகிற பக்கம், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு தோட்டத்தில் பிறந்தேன். லயம் என்றால் தோட்டத்து ஆட்களுக்குக் கம்பெனி கட்டிய வரிசை வீடு. பக்கத்து லயத்துக்காரரையே கட்டிக்கொண்டு, பிறந்த வீட்டிலேயே இருந்துவிட்டேன். 16 வயதில் பேர் பதிந்து, 8 ஆண்டு பால்மரம், அதாவது ரப்பர் மரம் சீவினேன். மரத்தை அழித்து எண்ணெய்க்கான செம்பனை போட்ட பிறகு 22 ஆண்டு வெளிக்காட்டு வேலையும் உதிரிப்பழம் பொறுக்கலும். கடைசி 14 ஆண்டு ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தேன். முதலில் 31 பிள்ளைகள், முடிவில் 2 பிள்ளைகள். அந்த இரண்டும் பள்ளிக்கூடம் போனதும் கொட்டகையில் உர மூட்டை அடுக்கிவிட்டார்கள்.

இப்போது எனக்கு 60 ஆகிவிட்டது. 60 ஆனால் ஓய்வு, ஓய்வு என்றால் வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். லயத்து வீடு வேலைக்குக் கொடுத்த வீடு, ஆளுக்குக் கொடுத்தது இல்லை. அடுத்த மாதக் கடைசிக்குள் சாவியை ஆபீசில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். யாரும் என்னை விரட்டவில்லை. ஆபீஸ் கணக்கர் கிராணி மரியாதையாகத்தான் சொன்னார், கோப்பி கூட வாங்கிக் கொடுத்தார்.

மகன் பினாங்குப் பக்கம் பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் டெக்னிசியன். சிம்பாங் அம்பாட்டில் அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறான், ஒன்பதாவது மாடி. முன்பணத்தில் ஒரு பங்கு என் சேமநிதிப் பணம். மீதிக் கடனை அவன் 35 ஆண்டு கட்ட வேண்டும். நான் அதற்குள் எங்கே இருப்பேனோ.

என் சங்கடம் இதுதான். இந்த லயத்தை விட்டுப் போக வேண்டும் என்று முப்பது ஆண்டாகக் கத்திக்கொண்டிருந்தவளே நான்தான். மழை பெய்தால் ஐந்து இடத்தில் சட்டி வைக்க வேண்டும். கக்கூசுக்கு வீட்டுக்கு வெளியே போக வேண்டும். இரவில் டார்ச் அடித்துக்கொண்டு போகும்போது பூரான் ஏறி இரண்டு முறை கடி வாங்கியிருக்கிறேன். "ஒரு வீடு வாங்குங்கள், சொந்தமாக ஒரு கதவு வேண்டும்" என்று அவரிடம் சண்டை போடாத தீபாவளி இல்லை. அவரும் "அடுத்த போனசுக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே 2011-இல் போய்ச் சேர்ந்தார்.

புது வீட்டைப் பார்க்கப் போன அன்று குழாயைத் திறந்து மூடித் திறந்து மூடி விளையாடினேன். குளியலறைச் சுவரில் பூப்போட்ட ஓடு பதித்திருக்கிறார்கள். அதைத் தடவிப் பார்த்து, "இதைத்தானே கேட்டேன்" என்று சிரித்தேன். அன்று இரவு லயத்துக்குத் திரும்பிப் படுத்தவளுக்குத் தூக்கம் வரவில்லை. விடியற்காலை நாலரைக்குப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்க, தண்டவாளத் துண்டைத் தட்டினார்கள். தட்டுகிறவர் இப்போது இந்தோனேசியாக்காரர், ஆனால் அதே தண்டவாளம். அந்தச் சத்தம் கேட்டதும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. அழுகை வந்தது. அழுதால் மகன் என்ன நினைப்பான்? நீதானே அம்மா கேட்டாய் என்று கேட்க மாட்டான், நல்ல பிள்ளை. கேட்காமல் இருப்பான் பாருங்கள், அதுதான் தாங்காது.

போன வாரம் காலண்டரைக் கழற்றினேன். அதற்குக் கீழே பலகைச் சந்தை மறைக்க அப்பா ஒட்டிய பழைய செய்தித்தாள். தமிழ் நேசன். அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று. தீபாவளிக்குத் தீபாவளி மைதா மாவுப் பசை காய்ச்சி ஒட்டுவார், நான்தான் கிண்டுவேன். ஓரத்தை ஈரத்துணியால் நனைத்து மெல்ல உரித்துப் பார்த்தால், எல்லா அடுக்கிலும் கண் மட்டத்தில் ரப்பர் விலைப் பகுதி. அப்பா படுக்கும் பக்கம் அது. ரப்பர் விலை ஏறினால் சம்பளத்தில் கொஞ்சம் ஏறும், இறங்கினால் இறங்கும். சுவரில் ஒட்டியதெல்லாம் எப்போதோ பழசாகிப் போன விலைகள். தெரிந்தும் அதைத்தான் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். அந்த இடத்தில் உட்கார்ந்தவள் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

வீட்டுக்குப் பின்னால், கால்வாய் ஓரம், சரிந்து நிற்கும் ஒரு பலா மரத்தடியில் எங்கள் முனியாண்டி இருக்கிறார். கோவில் இல்லை, ஒரு கல். முழங்கால் உயரம். முன்னால் ஒரு துருப்பிடித்த பாராங் கத்தி நட்டிருக்கும். தாத்தா வைத்தது. தாத்தா 1937-இல் ரஜூலா கப்பலில் பினாங்குக்கு வந்தவர். மறு ஆண்டு இந்திய அரசாங்கம் கூலியாள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. "கதவு மூடுவதற்குள் காலை வைத்தேன்" என்பார். மகன் சொல்கிறான், "கல்தானே அம்மா, லோரியில் ஏற்றிவிடலாம்." ஒன்பதாவது மாடிக்கு முனியாண்டியை லிப்டில் கொண்டு போவதா? விட்டுவிட்டுப் போனால் யார் விளக்கேற்றுவார்கள்? எண்பது குடும்பம் இருந்த லயத்தில் தமிழ்க் குடும்பம் இப்போது ஒன்பதுதான். அவர்களும் இன்றோ நாளையோ.

இரண்டாவது, கறிவேப்பிலை மரம். அம்மா வைத்தது. பிடுங்கி நட்டால் பிழைக்குமா?

மூன்றாவது கேள்வி கேள்வியே இல்லை. வாய் ஓயாமல் திட்டிய வீட்டுக்காக ஒருத்தி அழலாமா? உங்களில் யாருக்காவது இப்படி இருந்ததா?

---

ரெங்கம்_காரன் எழுதியது:

அக்கா, ஜோகூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தோட்டம் ரெங்கம் பக்கம். நாங்கள் வெளியேறி ஒரே ஆண்டில் லயத்தை இடித்துவிட்டார்கள். நான்கு ஆண்டு கழித்து நண்பர்களோடு போய்ப் பார்த்தேன். எங்கள் வீடு எங்கே இருந்தது என்று மூன்று பேர் மூன்று இடத்தைக் காட்டினோம். கிணறு ஒன்றுதான் அடையாளம். அதை வைத்துக் காலடி வைத்து அளந்தோம், அப்போதும் சண்டை தீரவில்லை.

அதனால் சொல்கிறேன், படம் எடுங்கள். சாமி படம், குடும்பப் படமெல்லாம் எப்படியும் எடுப்பீர்கள். யாரும் எடுக்காததை எடுங்கள். கால்வாய், தண்ணீர்த் தொட்டி, துணி காயப்போடும் கம்பி, அடுப்படியில் புகை படிந்த கூரை. வீட்டு வாசலில் நின்று இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அறையை நாடா போட்டு அளந்து ஒரு தாளில் வரைந்து வையுங்கள். என்னிடம் அம்மா அப்பா கல்யாணப் படம் இருக்கிறது. ஆனால் வாசற்படி எத்தனை என்று கேட்டால் எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்றா, நான்கா?

நான் இப்போது ஸ்கூடாயில் இருக்கிறேன், வேலை சிங்கப்பூரில். பாலத்து நெரிசலுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் கடக்க நாலு மணிக்கு எழ வேண்டும். அப்பா பெரட்டுக்கு எழுந்த அதே நேரம். இதில் என்ன முன்னேற்றம் என்று மனைவி கேட்கிறாள்.

அழலாமா என்று கேட்டீர்கள். நான் அழவில்லை, அப்போது எனக்கு 22 வயது, லோரியின் பின்னால் ஏறிச் சிரித்துக்கொண்டே போனேன். அந்தக் கணக்கு பிறகு வந்தது. நீங்கள் இப்போதே தீர்த்துவிடுவது நல்லது.

---

முன்னாள்_சங்கக்காரன் எழுதியது:

அம்மா, உங்கள் எழுத்து நன்றாக இருக்கிறது. அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. மன்னிக்கவும்.

லயத்தை அழகாக்கிவிடாதீர்கள். 44 ஆண்டு உழைத்த ஒரு பெண், முடிவில் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறார், கோப்பி வாங்கிக் கொடுத்தார்கள் என்று நன்றியோடு எழுதுகிறார். தோட்டத்துக் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 1990-இல் தனிச் சட்டமே வந்தது. அதற்குப் பிறகும் ஐந்து இடத்தில் சட்டி வைத்தீர்களா இல்லையா? ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது என்கிறோம், கங்காணி முறை 1938-இல் முடிந்தது என்கிறோம். வேலை போனால் கூரையும் போகும் என்கிற ஏற்பாடு மட்டும் மூன்று தலைமுறை தாண்டி உங்கள் வாசல்வரை வந்திருக்கிறது.

உங்கள் ஊரிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போன துன் சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினாரே, எதற்காக? வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது தொழிலாளி நடுத்தெருவில் நின்றான் என்பதற்காகத்தான். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. நம்மால் வாங்க முடியும் என்று அன்றே காட்டியாயிற்று. பிறகும் எத்தனை பேர் காலியான கையோடு போனார்கள்!

உங்கள் மகன் 35 ஆண்டுக் கடனில் வாங்கியிருக்கும் அந்தக் கதவுதான் உங்கள் குடும்பத்தின் முதல் சொந்தக் கதவு. அதற்கு மாவிலை கட்டுங்கள். பலகை வீட்டுக்குக் கண்ணீர் வேண்டாம்.

---

கிள்ளான்_மகள் எழுதியது:

சங்கக்கார ஐயா, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அவர் கேட்டது வேறு.

ஆயா அம்மா, நான் என் அம்மாவைத் தோட்டத்திலிருந்து அழைத்து வந்து அடுக்குமாடியில் குடிவைத்தவள். உங்கள் மகன் நிற்கும் இடத்தில் நின்றவள் என்பதால் சொல்கிறேன். அவரிடம் அழுதுவிடுங்கள். என் அம்மா அழவே இல்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது, மிகவும் வசதி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் மூன்று மாதம் ஒரு பெட்டியைப் பிரிக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே கயிறு கட்டியபடியே இருந்தது. நான் ஒரு நாள் கோபத்தில் பிரித்தேன். உள்ளே ரப்பர்ப் பால் பிடிக்கும் ஒரு மங்கு, உளி, சாணைக்கல், அவ்வளவுதான். பால்வெட்டை நிறுத்திப் பதினைந்து ஆண்டு ஆகியிருந்தது. அன்றுதான் இருவரும் சேர்ந்து அழுதோம். அதற்குப் பிறகு வீடு வீடாயிற்று.

இனி வேலை. இவையெல்லாம் நான் செய்யத் தவறி அலைந்தவை:

அடையாள அட்டையில் முகவரியை 30 நாளுக்குள் மாற்ற வேண்டும், பதிவு இலாகாவில். தோட்டத்து முகவரியிலேயே விட்டுவிட்டால் கடிதமெல்லாம் அங்கேதான் போகும், கிராணி எடுத்து வைத்திருப்பார் என்று நம்பாதீர்கள். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ அரசாங்கக் கிளினிக்கில் மருந்து எடுப்பவராக இருந்தால், புறப்படும் முன்பே மாற்றல் கடிதம் கேட்டு வாங்குங்கள், மருந்துப் புத்தகத்தைக் கைப்பையில் வையுங்கள். நாங்கள் அதை மூட்டைக்குள் போட்டுவிட்டு ஒன்பது நாள் தேடினோம்.

கறிவேப்பிலை: பெரிய மரத்தைத் தொடாதீர்கள். சுற்றிலும் வேரிலிருந்து முளைத்த கன்றுகள் இருக்கும். ஒரு முழத்துக்குக் குறைவான கன்றாகப் பார்த்து, தாய் வேரோடு சேரும் இடத்தைக் கத்தியால் வெட்டி, சல்லி வேரோடும் மண்ணோடும் எடுத்துப் பையில் வையுங்கள். இன்றைக்கே செய்யுங்கள், வீடு மாறுகிற அன்று செய்யாதீர்கள். இரண்டு மூன்று வாரம் நிழலில் இருந்து பழகட்டும். இலையெல்லாம் கொட்டினாலும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒன்று போதாது, நான்காவது எடுங்கள். மரத்தில் கறுத்த பழம் இருந்தால் சதையை நீக்கி அன்றே விதையுங்கள், காயவைத்து எடுத்துப் போனால் முளைக்காது.

அம்மியும் ஆட்டுக்கல்லும் இருக்கிறதா? எடுத்துப் போங்கள், ஆனால் அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போடுங்கள். கீழ்வீட்டுக்காரர்கள் முதல் வாரமே மேலே ஏறி வருவார்கள். அனுபவம்.

---

பூசாரி_மகன் எழுதியது:

வணக்கம் அம்மா. பாகான் டத்தோ பக்கம் ஒரு தோட்டக் கோவிலில் என் அப்பா பூசை செய்தார், இப்போது நான் செய்கிறேன்.

ஆகம முறையில் பிரதிஷ்டை செய்த கோவிலென்றால் வேறு கதை. கலாகர்ஷணம் செய்து, சக்தியைக் கும்பத்தில் இறக்கி, பாலாலயம் என்னும் தற்காலிகச் சந்நிதியில் வைத்து என்று பெரிய காரியம். உங்களுடையது மூத்தவர் நட்ட காவல் தெய்வம். அவருக்கு நம் முன்னோர் வைத்திருந்த வழி சுலபம்: பிடிமண். ஒரு கைப்பிடி மண். ஊரைவிட்டுப் போகிறவன் குலதெய்வத்தின் காலடியில் பிடிமண் எடுத்துப் போய், போன இடத்தில் அதை வைத்து நிலைநிறுத்துவான். இங்கே தோட்டங்களில் இருக்கும் எத்தனையோ முனீஸ்வரருக்கும் காளிக்கும் வேர் அப்படி வந்த மண்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

ஆனால் ஒன்று. காவல் தெய்வம் எல்லையில் நிற்பவர். அவரை வீட்டுக்குள், அதிலும் ஒன்பதாவது மாடியில், பால்கனித் துணிக்கொடிக்குக் கீழே வைப்பது வழக்கம் இல்லை. சுருட்டும் சாராயமும் எங்கே படைப்பீர்கள்? கல் அங்கேயே இருக்கட்டும். மண்ணை எடுத்துப் போய்ப் பூசை அறையில் ஒரு செம்பில் வையுங்கள், போதும். மனம் ஒப்பவில்லை என்றால் பூக்கட்டிப் பாருங்கள். சிவப்பு ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம், விவரம் தெரியாத பிள்ளையை எடுக்கச் சொல்லுங்கள். புறப்படும் முன் ஒரு செவ்வாய் அல்லது வெள்ளியில் பொங்கல் வைத்து உத்தரவு கேளுங்கள்.

---

ஆயாக்கொட்டகை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒரே நாளில் பதில் எழுத முடியவில்லை, மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ரெங்கம் தம்பி, நீ கேட்டதும் வெளியே போய் எண்ணினேன். எங்கள் வாசற்படி மூன்று. மூன்றாவது அரைப்படி, சிமெண்டு உடைந்தது. அறுபது ஆண்டு ஏறி இறங்கியவள் எண்ணித்தான் சொல்ல முடிந்தது. அளந்தும் விட்டோம். முன் அறை 10 அடிக்கு 11 அடி. அதில் ஒரு காலத்தில் ஒன்பது பேர் படுத்தோம் என்றால் மகன் நம்பவில்லை. பாய் போட்டுக் காட்டினேன்.

சங்கக்கார அண்ணன், உங்கள் கோபம் எனக்கும் உண்டு. கோப்பிக்கு நான் நன்றி சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னேன். உங்களுக்குத் தெரிந்த இன்னொன்றையும் சொல்கிறேன்: 1969-இல் குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் கேட்டார்களே, அப்போது என் பெரியப்பா குடும்பம் இந்தப் பக்கத்து வீட்டைக் காலி செய்துவிட்டு இந்தியாவுக்குப் போனது. எனக்கு நான்கு வயது. அவர்கள் போன மறு வாரம் அந்த வீட்டுக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது. கம்பெனிக்கு ஆள்தான் மாறியது. நான் எதையும் மறக்கவில்லை, அண்ணே. ஆனால் கம்பெனி கொடுத்தது பலகை. பலகைச் சந்தில் காற்று வராமல் பேப்பர் ஒட்டியது நாங்கள். நான் அழுவது பேப்பருக்கு.

கிள்ளான் மகளே, கன்று ஐந்து எடுத்துப் பையில் வைத்தாயிற்று. இரண்டு தலை சாய்ந்துவிட்டன. மகனிடம் நேற்று அழவும் செய்தேன். இரவு சாப்பாட்டுக்கு நடுவில், மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தபோது வந்துவிட்டது. அவன் எழுந்து கை கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது அம்மா. பந்து விளையாடிய இடத்தைப் போய்ப் பார்த்தேன், நுழையவே முடியாமல் செம்பனை" என்றான். அவனுக்கும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்.

இனி முனியாண்டி விஷயம். கடைசி வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார், எண்பத்தெட்டு வயது. அவரிடம் போய்க் கல்லைப் பற்றிப் பேசினேன். "அந்தக் கல் அங்கேயா இருந்தது?" என்று கேட்டார். தூக்கிவாரிப் போட்டது. 1948 ஜூனில் எங்கள் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரர்களைச் சுட்டுக் கொன்று, நாட்டில் அவசரகாலம் போட்டார்களே, அதற்குப் பிறகு லயத்தைச் சுற்றி முள்வேலி கட்டிவிட்டார்களாம். முதலில் கல் இருந்தது வேலிக்கு வெளியே, பழைய பால்காட்டு ஓரம். பொழுது சாய்ந்தால் வெளியே போக முடியாது. தாத்தா ஒரு நாள் காட்டுவேலை முடிந்து வரும்போது கல்லை அரிசிச் சாக்கில் போட்டுத் தோளில் தூக்கி வந்துவிட்டாராம். வாசலில் நின்ற காவல்காரர் சாக்கைத் தடவிப் பார்த்து, அரிசி இல்லை கல் என்று தெரிந்ததும் சிரித்து விட்டுவிட்டாராம். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை, அதுவும் உள்ளேயிருந்து வெளியே. இவர் வெளியிலிருந்து உள்ளே சாமியைக் கடத்தியிருக்கிறார்.

ஆக அவர் ஏற்கெனவே ஒரு முறை வீடு மாறியவர். இதை எனக்கு அப்பாவும் சொல்லவில்லை.

---

சிம்பாங்_அம்பாட்_வாசி எழுதியது:

எங்கள் ஊருக்கு வருகிறீர்களா, வாருங்கள் அம்மா. ஒரு சின்ன விஷயம். உங்கள் தாத்தா 1937-இல் பினாங்கில் இறங்கியவர் என்றால், ஜெரெஜாக் தீவில் ஒதுக்கி வைத்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டிருப்பார்கள். கப்பலில் வந்த கூலியாட்களுக்கு நோய்த்தடுப்பு முகாம் அங்கேதான். பத்து காவானிலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகும் இரண்டாவது பாலத்தில் ஏறினால் வலப்பக்கம் தெரியும், பச்சையாக ஒரு குன்று மாதிரி. 24 கிலோமீட்டர்ப் பாலம், மகன் வேகமாக ஓட்டினால் தவறவிட்டுவிடுவீர்கள். மெதுவாகப் போகச் சொல்லுங்கள்.

---

ஆயாக்கொட்டகை எழுதியது:

வந்துவிட்டோம். இன்று பதினோராம் நாள்.

கடைசி வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு வர வேண்டிய பாட்டியின் கொள்ளுப்பேத்தி இரண்டு நாள் முன்னதாகவே வந்திருந்தது, மூன்று வயது. அதைத்தான் பூ எடுக்கச் சொன்னோம். இரண்டு பொட்டலத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஓடிவிட்டது. பூசாரி மகனே, இதற்குச் சாஸ்திரத்தில் என்ன பலன்?

நான் குழம்பி நின்றபோது ஒருவர் வந்தார். தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு பையன்கள் வந்திருக்கிறார்கள், குலை வெட்டும் வேலைக்கு. அவர்களில் ஒருவர், புதுக்கோட்டைப் பக்கம். பொங்கல் வாசத்துக்கு வந்திருப்பார் போலிருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்று கும்பிட்டார். பிறகு, "அம்மா, இவருக்கு இங்கே என்ன படைப்பீர்கள்? எங்கள் ஊரில் கோழி" என்றார். இங்கேயும் கோழிதான், சுருட்டு மறக்கக் கூடாது என்றேன். பெரட்டுக் களத்துக்குப் பின்னால் இருக்கும் செம்பருத்தி, எண்ணெய் வாங்கும் கடை, மழையில் விளக்கு அணையாமல் இருக்கக் கவிழ்க்கும் டின் எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தேன். வாடகைக் கணக்கை ஒப்படைப்பது மாதிரி ஒப்படைத்தேன். தம்பிக்கு வயது 23. மூன்று ஆண்டு ஒப்பந்தம். அதற்குப் பிறகு யார் என்று நான் கேட்கவில்லை.

கல் அங்கே இருக்கிறது. ஒரு கைப்பிடி மண்ணை மைலோ டின்னில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுச் சாவியைக் கொடுத்தபோது கிராணி ரசீது எழுதிக் கொடுத்தார். ரசீது கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அதையும் டின்னிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.

ஜெரெஜாக்கைப் பார்த்தோம். மகன் மெதுவாகத்தான் ஓட்டினான், பின்னால் வந்த லோரி ஒலி எழுப்பிக்கொண்டே வந்தது. தாத்தா அங்கே எத்தனை நாள் இருந்தார் என்று அவன் கேட்டான். தெரியவில்லை. கேட்க வேண்டிய காலத்தில் நான் அவரிடம் ஐந்து காசுக்கு மிட்டாய்தான் கேட்டேன்.

இங்கே காலை நாலரைக்குத் தானாகக் கண் விழித்துக்கொள்கிறது. தண்டவாளச் சத்தம் இல்லை. லிப்டு ஒருமுறை இறங்கும், இரவு ஷிப்டுக்காரர் யாரோ வருவார், கதவு சாத்தும். எழுந்து கோப்பி போட்டுக்கொண்டு குழாய்க்கு முன்னால் நிற்கிறேன். தண்ணீர் வருகிறது. இப்போதும் திறந்து மூடிப் பார்க்கிறேன். அது ஆசைதான், வெட்கம் இல்லாமல் ஒப்புக்கொள்கிறேன். கன்று ஐந்தில் மூன்று நிற்கின்றன, அவற்றில் ஒன்று மொட்டையாக. தூக்கி எறியவில்லை, கிள்ளான் மகளே.

கீழ்வீட்டுக்காரர் ஆறாம் நாள் வந்தார். சீனக் கிழவர். அம்மிச் சத்தத்துக்குத்தான் வந்தார். விரிப்பைக் காட்டினேன், அரைத்த தேங்காய்ச் சட்டினியையும் ஒரு கிண்ணத்தில் கொடுத்தேன். கிண்ணம் இன்னும் திரும்பி வரவில்லை.

சிம்பாங் அம்பாட்காரரே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நாமே வறுத்துக் கொண்டுபோகிற மிளகாயையும் மல்லியையும் அரைத்துத் தரும் மில் உங்கள் பக்கம் எங்கே இருக்கிறது? பாக்கெட் தூள் என் குழம்புக்கு ஒத்துவரவில்லை. காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள்? முன்னால் அரைத்தவர்களின் மஞ்சள் வாடை இல்லாமல், முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும்.